மரங்கள் நிறைந்த புறநகரில் வீடு வாங்குவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடு, மனை தொடர்பாக வரும் கடிதங்களில் கிழக்குத் தாம்பரம், சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளைப் பற்றியவை அண்மைக் காலமாக நிறைய இருக்கின்றன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: மரங்கள் இருக்கின்றன, வெயில் தெரியவில்லை, இரவில் சத்தம் இல்லை. ஆகவே அந்தக் கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் ஒரே இடத்தில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, பெங்களூரில் பணி ஓய்வு பெற்று நானும் மனைவியும் சென்னைக்குத் திரும்புகிறோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கிரவுண்டு மனையில் அமைந்த பழைய தனி வீடு ஒன்று பிடித்திருக்கிறது. தெரு முழுவதும் நிழல். அடுத்த தெருக்களைக் காட்டிலும் உரிமையாளர் கூடுதல் விலை கேட்கிறார்; பசுமையான சூழலுக்குத்தான் அந்த விலை என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: விலை நியாயமா என்பதை அந்த வட்டாரத்தில் அண்மையில் பதிவான கிரையங்களை விசாரித்து ஓரளவு முடிவு செய்துவிடலாம். பசுமைக்கென்று கேட்கப்படும் கூடுதல் தொகைதான் யோசிக்க வேண்டியது. நீங்கள் கிரையம் பெறப்போவது 2,400 சதுர அடி நிலத்தையும் அதன் மேலுள்ள கட்டடத்தையும் மட்டுமே. உங்களை அங்கே இழுக்கும் நிழலில் பெரும்பகுதி பிறருடைய நிலத்தில் நிற்கும் மரங்களுடையது. அந்த நிலங்கள் யார் கையில் இருக்கின்றன, நாளை அவற்றில் என்ன கட்டச் சட்டம் இடம் தருகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகே கூடுதல் தொகையைப் பற்றிப் பேச வேண்டும்.

தாம்பரத்தின் பசுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை இங்கே தொடங்கியபோது, நகரத்து நெரிசலிலிருந்து விலகிய இடமும் நல்ல காற்றுமே முதல் தேவைகளாக இருந்தன. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டு நிலத்துக்கு இடம் மாறியது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் பொறுமையாக மரம் நட்டு வளர்த்ததன் பயனை இன்று அந்த வட்டாரம் முழுவதும் அனுபவிக்கிறது. 350 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த வளாகத்தில் இன்றும் புதர்க்காடும் புள்ளிமான்களும் உள்ளன. கல்லூரி வளாகம், சானடோரியம் மருத்துவமனை வளாகம், விமானப்படைத் தளம், சற்றுத் தள்ளி நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகள் ஆகியவற்றை நிறுவனங்களும் அரசும் வைத்திருப்பதால், இவை எளிதில் கைமாறக்கூடியவை அல்ல. நீங்கள் பார்த்த வீடு இவற்றில் ஒன்றின் அருகில் இருந்தால், கூடுதல் விலைக்கு ஓர் அடிப்படை உண்டு என்று ஏற்றுக்கொள்ளலாம்.

மற்றபடி, தெருவின் நிழலில் பாதிக்கு மேல் வீட்டுத் தோட்டங்களிலிருந்தே வருகிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கியவர்கள் பின்கட்டில் மாவும் தென்னையும் முன்பக்கம் வேம்பும் வைத்தார்கள். இப்போது அவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாள் கட்டுமான ஒப்பந்தக்காரர் வருகிறார். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமான கட்டடம் என்ற வகைக்குள் வராத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி வரை தளங்கள் எழுப்பலாம். சாலை அகலத்தைப் பொறுத்து உயர வரம்பு மாறும். இந்த வகையின் உச்ச வரம்பு 18.30 மீட்டர். கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்தம், சுற்றியுள்ள காலியிடம் முழுவதும் சிமென்ட் கல் என்று ஆகும்போது, அந்த மனையில் இருந்த மரங்களில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. இது சட்டப்படியே நடப்பது. யாரும் தடுக்க முடியாது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவின் இரு பக்கமும் நடந்து பாருங்கள். உங்கள் வீட்டை ஒட்டிய மூன்று பக்கத்து மனைகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன, எத்தனையில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எங்கே இடிப்பு வேலை தொடங்கியிருக்கிறது என்பது உங்கள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் பத்து ஆண்டுகளில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிடும். தெரு மரங்களையும் கிட்டே போய்ப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி மண் தெரிகிறதா, இல்லை தார்ச்சாலையும் சிமென்டும் பட்டை வரை ஏறி நிற்கின்றனவா என்று கவனியுங்கள். மின்கம்பிக்காக ஆண்டுதோறும் ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி வருவதால், மறுபக்கம் பாரம் ஏறிச் சாலையை நோக்கிச் சாய்ந்த மரங்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. வேருக்கு மண்ணும் காற்றும் இல்லாமல், ஒரு பக்கம் கனத்து நிற்கும் மரத்தின் நிழலுக்கு நீங்கள் விலை கொடுத்தால், அடுத்த பெரும்புயலில் அது போய்விடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் வாங்குங்கள். உங்கள் சொந்த மனையில் நிற்கும் மரங்களுக்கும், நிறுவன வளாகத்தின் அருகாமைக்கும் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. பக்கத்து வீட்டு மாமரத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நாங்கள் பார்த்திருக்கும் வீடு, விற்பவரின் காலமான தந்தை பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் மூவர், மகன்கள் இருவரும் அமெரிக்காவில், மகள் இங்கே. மூத்த மகன் அனுப்பிய அதிகாரப் பத்திரத்தை வைத்து உறவினர் ஒருவர் விற்க முன்வருகிறார். "மகளுக்குத் திருமணத்தின்போதே எல்லாம் செய்துவிட்டோம், அவர் கையெழுத்து தேவையில்லை" என்கிறார்கள். மனைப்பிரிவு பஞ்சாயத்து அப்ரூவல் என்றும் சொல்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: மகளின் கையெழுத்து இல்லாமல் ஓர் அடிகூட முன்னே போக வேண்டாம். தந்தை தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள், தந்தையின் தாயார் உயிருடன் இருந்தால் அவர் ஆகிய அனைவருக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்து என்றாலும், தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்குப் பின் வந்த 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் மகளுக்குப் பங்கு தருகின்றன. திருமணத்தில் போட்ட நகையும் கொடுத்த சீரும் சொத்துரிமையைத் தீர்த்துவிடுவதில்லை. தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே உறவினர் சொல்வதை ஏற்க முடியும். இல்லையெனில் வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள அனைவரும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.

மூத்த மகன் கொடுத்த அதிகாரம் அவருடைய பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். இளையவர் தனியாக அதிகாரப் பத்திரம் தர வேண்டும். வெளிநாட்டில் எழுதப்பட்ட அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வையும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அதிகாரம் கொடுத்தவருடன் காணொளியில் நீங்களே ஒருமுறை பேசிவிடுவது நல்லது. இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தை உள்நாட்டில் வசிப்பவரிடமிருந்து வாங்கும்போது 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்தம் செய்து செலுத்தினால் போதும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடித்தம் மிக அதிகம். 50 லட்சம் என்ற வரம்பும் அங்கே கிடையாது. சரியாகப் பிடிக்காவிட்டால் வருமான வரித்துறை கேட்பது உங்களைத்தான். இந்த ஒரு காரியத்துக்காகவே ஒரு தணிக்கையாளரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

பஞ்சாயத்து அப்ரூவல் விஷயத்துக்கு வருகிறேன். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பொறுப்பு. எனினும், இந்த வட்டாரத்தில் பல தெருக்கள் அப்படிப்பட்ட பழைய மனைப்பிரிவுகளில் உருவானவையே. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக 2017-இல் வந்த வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் விதிகள், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் கிரையமான மனைகளுக்கு ஒரு வழி ஏற்படுத்தின. உங்கள் மனைக்கு வரன்முறை ஆணை பெறப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பெறப்படவில்லை என்றால் வங்கிக் கடனும் பின்னாளில் கட்டட அனுமதியும் சிக்கலாகும். அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகே கிரையம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூலப்பத்திரம் தொடங்கித் தொடர்ச்சியான பத்திரங்கள், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துரை பெறுவது எல்லோரும் அறிந்ததே. இந்தப் பகுதிக்கென்று இரண்டை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை; அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். அதேபோல, விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் கட்டுமானத்துக்கும் உயரத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால், மனை இந்த எல்லைகளுக்குள் வருகிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே சி.எம்.டி.ஏ.விலும் உரிய துறைகளிலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் இந்தக் கட்டுப்பாடுகளால் கட்டடம் எழ முடியாது என்பது, அமைதியை மட்டுமே நாடி வருபவருக்கு நன்மையும் ஆகும்.

கேள்வி: ஏரியைப் பார்த்தபடி ஒரு மனை, சந்தை விலையைவிடக் குறைவாக வருகிறது. காற்றும் பறவைகளும் அருமையாக இருக்கின்றன. மழைக்காலத்தில் ஆபத்து உண்டா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: உண்டா இல்லையா என்பது, நீங்கள் ஏரியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வட்டாரத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் உபரி நீர் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகிறது. மேலே உள்ள ஏரியின் கலங்கல், அதாவது உபரி நீர் வெளியேறும் இடம், எங்கே இருக்கிறது, அதிலிருந்து புறப்படும் வாய்க்கால் எந்தத் தெருக்கள் வழியாகப் போகிறது என்பதைக் கிராம வரைபடத்தில் பார்த்துக்கொண்டு, பிறகு நேரில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் அகலமாக இருக்கும் வாய்க்கால், தரையில் ஒரு சிமென்ட் சாக்கடையாகச் சுருங்கியிருந்தால், பெருமழையில் அந்தத் தண்ணீர் பழைய அகலத்தைத் தேடிக்கொள்ளும். உங்கள் மனை அந்தப் பழைய அகலத்துக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. ரயில் பாதைக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்தது. படகில் மக்களை மீட்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர்ப் பகுதி மீண்டும் தண்ணீரில் நின்றது. கிழக்குத் தாம்பரத்தின் மேட்டுப் பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன. ஆனால் கிழக்கு என்றாலே மேடு என்று எண்ணிவிட வேண்டாம். ஏரிகளை ஒட்டிய தாழ்வான தெருக்கள் அங்கேயும் இருக்கின்றன. தெருவில் இஸ்திரி போடுபவரையும் பால் ஊற்றுபவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்; 2015-இல் தண்ணீர் எந்த வாசற்படி வரை வந்தது என்று அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பழைய சுற்றுச்சுவர்களில் தண்ணீர் நின்ற கறையும் சில இடங்களில் இன்னும் தெரிகிறது. புதிதாகக் கட்டியவர்கள் எல்லோரும் தரையை சாலையிலிருந்து நான்கைந்து அடி உயர்த்தியிருந்தால், அதற்குக் காரணம் இருக்கும்.

சட்டப் பக்கமும் கவனிக்க வேண்டியது. மனையின் சர்வே எண் கிராம 'அ' பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்று எப்போதாவது பதிவாகியிருந்தால், பிற்காலத்தில் பட்டா வந்திருந்தாலும் வாங்காதீர்கள். நீர்நிலை ஆக்கிரமிப்புகளில் நீதிமன்றங்கள் பட்டாவைப் பார்த்து இரக்கம் காட்டியதில்லை. நீங்கள் மேடவாக்கத்திலிருந்து எழுதுவதால் இதையும் சொல்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், கட்டுமானம் சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய பகுதி (பாதிப்பு மண்டலம்) அறிவியல் முறைப்படி வரையறுக்கப்படும் வரை கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. உங்கள் மனை அந்தத் தொலைவுக்குள் இருந்தால், இன்றைய நிலவரத்தை சி.எம்.டி.ஏ.வில் கேட்டறியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். விலை குறைவாக இருப்பதன் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் வாசலில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் வேர் சுற்றுச்சுவரை விரிசலிடச் செய்கிறது. மரத்தை வெட்டிவிடும்படி பக்கத்து வீட்டுக்காரர் வற்புறுத்துகிறார். அவர் வீட்டு வேப்பமரக் கிளைகளோ எங்கள் மொட்டை மாடி மேல் படர்ந்திருக்கின்றன.
– வாசகி, சேலையூர்

பதில்: தெருவில் நிற்கும் மரம் தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. நீங்களோ அவரோ ஆள் வைத்து வெட்டினால் அது குற்றம். சாய்ந்து ஆபத்தாக இருந்தால் மாநகராட்சிக்குப் படத்துடன் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள். அவர்கள் நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். சுவர் விரிசலுக்காக மட்டும் மரத்தை இழக்க வேண்டியதில்லை. விரிசலிட்ட பகுதியை இடித்து, அந்த இடத்தில் அடித்தளச் சுவர் இல்லாமல், வேருக்கு இரு பக்கமும் குழி எடுத்துத் தூண் நிறுத்தி, வேருக்கு மேலே கான்கிரீட் உத்திரம் கொடுத்து அதன் மீது சுவர் எழுப்பலாம். அனுபவமுள்ள கொத்தனார் இதைச் சில நாட்களில் செய்துவிடுவார். செலவும் புதுச் சுவர் கட்டுவதைக் காட்டிலும் பெரிதாக இருக்காது. தடித்த வேர்களை வெட்டிவிட்டு மரத்தை மட்டும் விட்டுவைப்பதே மிகப் பெரிய ஆபத்து. பிடிமானம் போன மரம் அடுத்த புயலில் உங்கள் வீட்டின் மீதே விழும்.

பக்கத்து வீட்டு வேப்பங்கிளைகளைப் பொறுத்தவரை, உங்கள் எல்லைக்குள் வரும் பகுதியை, அவர் மனைக்குள் நுழையாமல் வெட்டிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு; வெட்டிய கிளை அவருக்குச் சொந்தம். எனினும் முதலில் நேரில் சொல்லுங்கள். வெயில் காலத்தில் உங்கள் மேல்மாடியின் சூட்டைக் குறைப்பது அந்த மரம்தான் என்பதால், தண்ணீர்த் தொட்டியையும் மின்கம்பியையும் தொடும் கிளைகளை மட்டும் எடுத்தால் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. செம்பாக்கத்தில் இரண்டு கிரவுண்டு தோட்டத்துடன் வீடு. ஜாயின்ட் வென்ச்சரில், அதாவது நிலம் எங்களுடையது, கட்டும் செலவு அவருடையது என்ற முறையில் கொடுத்தால் சரிபாதி வீடுகள் தருவதாகக் கட்டுமான ஒப்பந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். அம்மாவின் ஒரே கவலை அந்த மாமரங்கள்தான்.
– வாசகர், துபாய்

பதில்: அம்மாவின் கவலையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம், ஒப்பந்தக்காரரின் வாய்மொழியில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. முதலில் ஒரு வரைபடக்காரரைக் கொண்டு, மனையில் ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது, அதன் விதானம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அளந்து வரையுங்கள். பின்புற எல்லையை ஒட்டிய மரங்களைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியும், அந்தப் பக்கக் காலியிடத்தில் மண்ணை அப்படியே விட்டு, கழிவுநீர்த் தொட்டியையும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியையும் வேறு பக்கம் அமைக்க ஒப்பந்தக்காரர் சம்மதித்தால். மனையின் நடுவில் நிற்கும் மரம் பிழைக்காது. அதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுவது நேர்மை. எந்த மரங்கள் இருக்கும் என்பதை இணைப்பு வரைபடமாக ஒப்பந்தத்தில் சேர்த்து, வேலையின்போது அவற்றுக்குச் சேதம் ஏற்பட்டால் எவ்வளவு தொகை என்பதையும் எழுதுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டப்படும் திட்டங்களை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர்தான். ஆகவே பதிவு பெற்ற திட்டங்களில் வாங்குவோருக்குச் சட்டம் தரும் பல பாதுகாப்புகள், அதாவது வசூலில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைப்பது, முன்னேற்றத்தைப் பொதுவில் அறிவிப்பது போன்றவை, இங்கே இருக்கப்போவதில்லை. உங்களுக்கு உள்ள காப்பு நீங்கள் எழுதும் ஒப்பந்தம் மட்டுமே. அதைப் பதிவு செய்யுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தை ஒப்பந்தக்காரரின் பங்குக்கு உரிய பிரிபடாத நிலத்துக்கு (வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் வரும் பங்குக்கு) மட்டும் கொடுங்கள். அதையும் அம்மாவின் வீடுகள் கையளிக்கப்படும் நிலைகளுக்கு ஏற்பப் படிப்படியாக விடுவியுங்கள். மூல ஆவணங்களை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்காதீர்கள், அவற்றை அடமானம் வைக்கவும் அனுமதிக்காதீர்கள். கட்டி முடிக்கும் கெடு, அதுவரை அம்மா தங்கும் வீட்டின் வாடகை, கெடு தாண்டினால் மாதம் எவ்வளவு என்பவற்றை ரூபாயில் எழுதுங்கள்.

சரிபாதி என்பது எதில் சரிபாதி என்றும் கேளுங்கள். வீடுகளின் எண்ணிக்கையிலா, கட்டுமானப் பரப்பிலா, நிலத்தின் பிரிபடாத பங்கிலா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். நிலப்பங்கில் பாதி அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. முப்பது ஆண்டு கழித்து மதிப்பு இருக்கப்போவது நிலத்துக்குத்தான். 74 வயதில் தோட்ட வீட்டை விட்டு அடுக்ககத்துக்கு மாற அம்மா உண்மையிலேயே விரும்புகிறாரா என்பதை, ஒப்பந்தக்காரர் அருகில் இல்லாத நேரத்தில் நீங்கள் நேரில் வந்து கேட்க வேண்டும்.

கேள்வி: 90 லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?
– வாசகர், பல்லாவரம்

பதில்: பழைய தனி வீட்டுக் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் கணக்கிடுவார்கள். 90 லட்சத்துக்கு இது 8 லட்சத்து 10 ஆயிரம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 75 சதவீதம் வரையே வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம். எனவே 72 லட்சம் வரை கடனுக்கு வாய்ப்பு உண்டு என்றாலும், பழைய கட்டடத்துக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் குறைவாகவே போடுவார். பதிவுச் செலவையும் இந்த அளவில் கடனில் சேர்க்க மாட்டார்கள். பழுதுபார்ப்பையும் சேர்த்து 30 லட்சத்துக்குக் குறையாமல் சொந்தப் பணம் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம்.

கேள்வி: பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது. எங்களுக்கும் வரும் என்று நம்பலாமா?
– வாசகி, இராஜகீழ்ப்பாக்கம்

பதில்: நம்ப முடியாது. இந்தப் பகுதியின் அடியில் இருப்பது சார்னகைட் என்னும் கடினப் பாறை. இதில் தண்ணீர் பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தேங்கும். ஒரு மனையில் வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர் உண்டு; இருபதடி தள்ளி இல்லாமலும் போகலாம். நிலநீர் ஆய்வு செய்து போடுங்கள். பழைய திறந்த கிணறு இருந்தால், அதை மூடிவிடாமல் தூர்வாரி, மாடியில் விழும் மழைநீரை வடிகட்டி அதற்குள் விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, குழி மண் மூடிக் கிடக்கிறது.

கேள்வி: புதிதாக வாங்கிய மனையில் மரம் வைக்க ஆசை. எது வைக்கலாம், எவ்வளவு தள்ளி வைக்கலாம்?
– வாசகர், மாடம்பாக்கம்

பதில்: 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல்லாயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் ஆழமாக இறங்காத குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்கள் அதிகம் விழுந்தன. வேம்பு, புங்கம், நாவல் போன்ற நம் மண்ணின் மரங்கள் ஒப்பளவில் தாக்குப்பிடித்தன. ஒரு கிரவுண்டு மனையில் இரண்டு மரத்துக்கு மேல் பெரிதாக வளர்க்க இடம் இருக்காது. மேற்குப் பக்கம் ஒரு புங்கம் வைத்தால் மாலை வெயில் சுவரில் படாது. முன்புறம் மகிழம் வைக்கலாம். மெதுவாக வளரும், சுவருக்கும் தொல்லை தராது. நாவலை, கார் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், பழம் விழுந்து கறையாகும். வேம்புக்குக் கட்டடத்திலிருந்து பதினைந்தடியாவது இடைவெளி வேண்டும். அரசும் ஆலும் வீட்டு மனைக்கு வேண்டாம்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி எடுத்து, மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணை நிரப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால் முதல் இரண்டு மாதம் தண்ணீர்க் கவலை இல்லை. அதன் பிறகு இரண்டு கோடைக்காலம் விடாமல் ஊற்ற வேண்டும். தரைக்குக் கல் பதிக்கும்போது அடிமரத்தைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு மண்ணை விட்டுவிடச் சொல்லி, வேலை நடக்கும் நாளில் நீங்களே அருகில் நில்லுங்கள்.